தாஃபினாவின் நிழலை அளந்த நூல்

லாலியூ முதலாளி வீட்டின் ஆற்றுப்பக்கத்து மூலை இரண்டு தடவை விழுந்தது. முதல் தடவை அஸ்திவாரம் மட்டும். இரண்டாம் தடவை இடுப்பளவு எழும்பியிருந்த சுவர். நாங்கள் நிழலில் உட்கார்ந்து ரொட்டியும் வெங்காயமும் தின்றுகொண்டிருந்தபோது, யாரோ பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் சுவர் ஆற்றுக்குள் சரிந்திருந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் எங்கள் மேஸ்திரி கென்ச்சோ கையிலிருந்த ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அந்த வருஷங்களில் எங்கள் பால்கன் மலையூர் யாவரோவோவில் ஒருவரைப் பார்த்து ஒருவர் வீடு கட்டினார்கள். மலையில் ஆடு, ஊரில் ரோமம், இஸ்தான்புல் வரைக்கும் வியாபாரம். கீழே கல், மேலே மரம், தெருவின் மேல் வயிறு தள்ளி நிற்கும் மாடி என்று ஒவ்வொரு வீடும் எதிர்வீட்டை மறைக்கப் பார்த்தது. லாலியூ முதலாளிக்கு எல்லோரையும் விட ஒரு ஜன்னல் கூடுதலாக வேண்டும். ஆற்றோரத்து மண்தான் அதற்கு ஒத்துவரவில்லை.

சேவல் அறுத்துப் பார்த்தோம். புனித கியோர்கி நாளில் ஆட்டுக்குட்டி ரத்தமும் விட்டோம். அதற்கு மறுநாள் மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் பெயர் நைதென். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எட்டு வருஷமாக அவர் கூட்டத்தில் கல் கொத்திக்கொண்டிருந்தேன்.

"உனக்குக் கை நடுங்காதுல்ல?"

"எதுக்கு மேஸ்திரி?"

அவர் இடுப்புக் கச்சையிலிருந்து ஒரு சிவப்பு நூலுருண்டையை எடுத்துக் காட்டினார். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரியம் அது. ஒரு மனுஷ நிழலை நூலால் அளந்து, அந்த நூலைச் சுவருக்குள் வைத்துக் கட்டினால் சுவர் நிற்கும். நிழலுக்கு உரியவர் நாற்பது நாளைக்குள் போய்விடுவார். போனவர் அந்த வீட்டுக்குத் தலசம் ஆகிவிடுவார். காவலாகச் சுவருக்குள்ளேயே இருக்கிற ஆவி அது.

"யாரு நிழலை?" என்றேன்.

"காலையில மொதல்ல யாரு வர்றாங்களோ, அவங்க நிழலை. வழிப்போக்கனா இருந்தா நல்லது. ஊர்க்காரங்களா இருந்தா அது நம்ம பாவம்."

வழிப்போக்கன் வரவில்லை. சாயக்காரி தாஃபினா வந்தாள். புருஷனைப் பறிகொடுத்து மூன்று வருஷமாகத் தனியாகச் சாயத்தொட்டி வைத்து நடத்திக்கொண்டிருந்தவள். முழங்கை வரை நீலமேறிய கைகளில் ஈர நூல்கட்டுகளைத் தூக்கிக்கொண்டு, அலச ஆற்றுக்கு இறங்கினாள். வெயில் அவளுக்கு முன்னால் இருந்தது. நிழல் பின்னால் எங்கள் கல்குவியல் மேல் விழுந்தது. நின்று சுமையை மாற்றிக்கொண்டாள். அந்த நேரத்துக்குள் நான் குனிந்து தலையிலிருந்து குதிகால் வரை நூலை ஓட்டிவிட்டேன். அவள் திரும்பினாள்.

"ஏய் சுண்ணாம்பு, என் பின்னாடி என்ன தேடுற? மூளை கீழே விழுந்துடுச்சா?"

"கல்லு அளக்குறேன்."

"உன் தலையையும் சேத்து அள. அதுவும் கல்லுதான்." சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

நூலை ஆற்றில் வீசிவிட்டு அறுந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேஸ்திரி அதை ஒரு நாணல் துண்டில் சுற்றி, மூலைக்கல்லுக்குப் பின்னால் ஒரு பொந்தில் வைத்துச் சுண்ணாம்பு பூசினார். அதற்குப் பிறகு அந்தச் சுவர் ஒரு விரல் அளவுகூட அசையவில்லை.

ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் சாராயக்கடையில் யாரோ, "ஆத்தங்கரைச் சுவரை எப்படிடா நிறுத்துனீங்க?" என்று கேட்டார்கள். உள்ளே மூன்று கோப்பை பிளம் சாராயம் இருந்தது. சொல்லிவிட்டேன். மறுநாள் விடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கடைசியாகத் தெரிந்துகொண்டது அவள்தான்.

நேராகச் சாரத்துக்குக் கீழே வந்து நின்றாள்.

"இறங்குடா."

இறங்கினேன்.

"ரெண்டு நாளா கடைத்தெருவுல என்னைப் பாத்தா சிலுவை போட்டுக்கிறாங்க. ரொட்டிக்கடைக்காரி காசு வாங்க மாட்டேங்குறா. ஏன்னு கேட்டா அழறா. நிசமா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நிசம்தான் போல. வெளியில எடு."

"மேல ஆறு வரிசை கல்லு ஏறிடுச்சு தாஃபினா. எடுத்தா மொத்தமா விழும்."

"அப்ப நான் விழுந்தா பரவாயில்ல?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை. அது உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நாற்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. பூசை முடிந்து எல்லோரும் தேவாலய முற்றத்துக்கு வந்தபோது, அவள் கிணற்றடியில் ஒரு பெரிய பாத்திரத்தோடு நின்றாள். அவித்த கோதுமை, மேலே சர்க்கரை, வால்நட். செத்தவர்களின் நாற்பதாம் நாளுக்கு உறவுக்காரர்கள் கொடுப்பது.

"வாங்க, வாங்க. எனக்குன்னு யாரும் இல்ல. அதனால நானே அவிச்சுட்டேன். சாப்பிட்டுட்டு, கடவுள் இவளை மன்னிக்கட்டும்னு சொல்லிட்டுப் போங்க."

ஒருவரும் அசையவில்லை. பாதிரியார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் போய்க் கையை நீட்டினேன். அவள் ஒரு கரண்டி நிறைய வைத்தாள். நின்றுகொண்டே தின்றேன்.

"சொல்லு," என்றாள்.

"கடவுள் மன்னிக்கட்டும்."

"யாரைன்னு சொல்லலியே," என்றாள்.

அன்று சாயங்காலம் வரை ஊரே அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் சாகவில்லை. மறுநாள் தொட்டியில் நூல் நனைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவளிடம் ரோமம் கொடுக்க யாரும் வரவில்லை. நாற்பது நாள் தாண்டியும் நடமாடுகிறவள் உயிரோடிருக்கிறவள் இல்லை என்று பேச்சு கிளம்பியது. அவளைப் பெண் கேட்டு வந்துகொண்டிருந்த பக்கத்து ஊர்க்காரன் பாதி வழியிலேயே குதிரையைத் திருப்பிக்கொண்டு போனான். தேவாலயத்தில் அவளைச் சுற்றி ஒரு வண்டி நிற்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. வெயிலில் அவள் நடந்தால், நிழல் விழுகிறதா என்று எல்லோர் கண்ணும் அவள் காலடிக்குத்தான் போகும். நான் மட்டும் அங்கே பார்க்கவே மாட்டேன்.

இலையுதிர்காலத்தில் வீடு முடிந்தது. முதலாளி குடும்பம் குடியேறியது. குளிர்காலம் பிறந்து இரண்டு வாரத்தில் முதலாளியின் மனைவி செவ்தா எனக்கு ஆள் அனுப்பினாள்.

"நைதென், ஆத்துப்பக்கத்து அறையில ஈரம் பூத்திருக்கு. வந்து பாரு."

பார்த்தேன். மூலையில், என் நெஞ்சு உயரத்தில், வெள்ளைச் சுவருக்குள்ளிருந்து ஒரு கறை எழும்பியிருந்தது. ஈரத்தின் நிறம் சாம்பல். இது நீலம். இரண்டு கைகளை அகல விரித்து வைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தேன். பத்து நாளில் திரும்ப வந்தது. மூன்று தடவை அடித்தேன். மூன்று தடவையும் வந்தது.

"சத்தமும் கேக்குது," என்றாள் செவ்தா. பட்டுத் துண்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "தினமும் உச்சிவெயில்ல. ஈரக் கம்பளியைக் கல்லுல அடிக்கிற மாதிரி. ஜன்னலைத் திறந்து பாத்தா ஆத்துல யாருமே இல்ல. பனிதான் கிடக்கு."

"பனிக்கட்டி வெடிக்குற சத்தமா இருக்கும்மா."

"பனிக்கட்டி மூச்சு வாங்குமா?"

அந்த வாரத்திலிருந்து சனிக்கிழமைதோறும் மூலையில் தலசத்துக்கு ரொட்டியும் ஒரு கிண்ணம் ஒயினும் வைக்க ஆரம்பித்தாள். செய்தி தாஃபினாவுக்குப் போயிற்று. அடுத்த சனிக்கிழமை அவள் முன்வாசல் வழியாகவே நுழைந்தாள். வேலைக்காரிகள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். நேராக மூலைக்குப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தாள். கறையை மறுபடி அடிக்க வந்திருந்த நான் வாளியோடு நின்றேன்.

செவ்தா வாசற்படியில் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ தாஃபினா, என்ன பண்ணுற?"

"எனக்கு வெச்சதுதானே? சூடு ஆறுறதுக்கு முன்னாடி சாப்பிடுறேன். உப்பு கம்மி." ஒயினையும் குடித்து முடித்தாள். எழுந்தபோதுதான் கறையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. மெல்லத் தன் உள்ளங்கைகளை அதன்மேல் வைத்தாள். விரலுக்கு விரல் சரியாகப் பொருந்தியது. அவசரமாகக் கைகளை இழுத்துக்கொண்டு, முதல் தடவையாகப் பயந்த முகத்தோடு என்னைப் பார்த்தாள்.

என்னை வெளியே கூட்டிவந்து சட்டையைப் பிடித்தாள். "நைதென், இவ்வளவு நாளும் நான் விளையாட்டாத்தான் பேசிட்டிருந்தேன். உச்சிவேளையானா எனக்குக் கை மரத்துப்போகுது. தொட்டியில கையை விட்டா தண்ணி தெரியல, கல்லு தெரியுது. குளிர்ந்த கல்லு. இதை யாருகிட்டயும் சொல்லல. எடுத்துடு. உன்னைக் கெஞ்சுறேன்."

குளிர்காலம் முழுக்க யோசித்தேன். மூலைக்கல்லை நிலவறைப் பக்கமிருந்து உருவ முடியும். முட்டுக் கொடுத்துவிட்டு வேகமாகச் செய்தால் சுவர் தாங்கும். ஆனால் வீடு காலியாக இருக்க வேண்டும். கோடையில் வரும் புனித எலியா நாளில் ஊர் முழுக்க மலையுச்சிக் கோயிலுக்குப் போய்விடும். இடிக்கு உரிய புனிதர் அவர். அன்று யாரும் வேலை செய்ய மாட்டார்கள். நான் செய்தேன்.

மூன்று மரமுட்டுகள் வைத்துக் கடப்பாரையால் கல்லை நெம்பினேன். ஆறு அங்குலம் வெளியே வந்தது. பொந்துக்குள் கையை விட்டேன். நாணலில் சுற்றிய சிவப்பு நூல் கிடைத்தது. கை இன்னொன்றிலும் பட்டது. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன். இன்னொரு நாணல், இன்னொரு சிவப்பு நூல். அதில் ஒரு துணிக்கிழிசல் கட்டியிருந்தது. என் இடுப்புக் கச்சையின் ஓரம். என் தங்கை நெய்து கொடுத்த பச்சைக் கரை.

என் நிழலையும் அளந்திருந்தார்கள். மேலே மரமுட்டு கிறீச்சிட்டது. இரண்டையும் எடுத்தால் என்ன ஆகும் என்று அந்தச் சத்தத்திலேயே புரிந்துவிட்டது. மாடியில் அந்த மூலைக்கு நேர் மேலே முதலாளியின் பேரக்குழந்தையின் தொட்டில் இருந்தது. தாஃபினாவின் நூலை மட்டும் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். என்னுடையதைத் திரும்ப உள்ளே வைத்தேன். கல்லைத் தள்ளிச் சுண்ணாம்பு பூசினேன். முட்டெல்லாம் உருவியபின் காதை வைத்துக் கேட்டேன். சுவர் அமைதியாக இருந்தது.

தாஃபினா நூலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அடுப்பில் போட்டாள். அது எரியும்போது இரண்டு கைகளையும் அடுப்பு நெருப்பில் காட்டிச் சூடேற்றிக்கொண்டாள். என் நூலைப் பற்றிச் சொன்னேன். அவள் கைகளை நெருப்பிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

அன்று மாலை, கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மேஸ்திரியை மலையிறக்கத்திலேயே பிடித்தேன். அவர் மறுக்கவில்லை.

"அவ அசைஞ்சுக்கிட்டிருந்தா. நீ சரியா அளந்தியான்னு எனக்குச் சந்தேகம். மூணாவது தடவை விழுந்தா இந்த மலையில எவன் எனக்கு வேலை கொடுப்பான்? நீ குனிஞ்சு தண்ணி குடிச்சிட்டிருந்தே. அசையாம இருந்தே."

"எட்டு வருஷம் உங்களோட இருந்தேனே மேஸ்திரி."

"அதனாலதான் யாருகிட்டயும் சொல்லல. தெரியாதவனுக்கு ஒண்ணும் ஆகாது நைதென். அவளுக்குத் தெரிய வெச்சது யாரு? நீதானே. இப்ப நீயே போய்த் தோண்டித் தெரிஞ்சுக்கிட்டு வந்திருக்கே. நான் என்ன பண்ணட்டும்?"

மறுநாள் கூட்டத்தை விட்டு விலகினேன்.

தெரிந்துகொண்ட நாளிலிருந்து நாற்பது நாள் எண்ணினேன். காய்ச்சல் வந்தது, போனது. சாகவில்லை. லாலியூ வீட்டில் நீலக் கறை போய்விட்டது, ஈரக் கம்பளிச் சத்தமும் நின்றது. ரொட்டிக்கடைக்காரி தாஃபினாவிடம் காசு வாங்க ஆரம்பித்தாள். ஒருவர் பின் ஒருவராக ரோமம் கொண்டுவந்தார்கள். ஆனால் செப்டம்பரில் ஒருநாள் செவ்தா தெருவில் என்னை நிறுத்தினாள்.

"நேத்து மத்தியானம் வீட்டுக்கு வந்தியா? நிலவறையில கொத்துக்கரண்டியால மூணு தட்டு தட்டுற சத்தம். நீ கல்லு உக்கார வெக்கிறப்ப தட்டுவியே, அதே மாதிரி."

நேற்று நான் இரண்டு மலைக்கு அப்பால் சுண்ணாம்புச் சூளையில் இருந்தேன். "ஆமாம்மா, வந்தேன்," என்று சொல்லிவிட்டேன்.

அதிலிருந்து உச்சிவேளையில் வேலை செய்ய மாட்டேன். அந்த நேரத்தில் என் வலது கை குளிர்ந்து கனக்கும். மூடிய கண்ணுக்குள் சுவரின் உட்பக்கம் தெரியும். சுண்ணாம்பு எங்கே பிடிக்கவில்லை, எந்தக் கல் களைத்துப்போயிருக்கிறது, எல்லாம் தெரியும். அவற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது நான்தான் என்றும் தெரியும்.

தாஃபினா அடுத்த வசந்தத்தில் ஊரை விட்டுப் போனாள். ஸ்லிவென் நகரத்தில் ஒரு பெரிய சாயப்பட்டறையில் இடம் கிடைத்திருந்தது. கோவேறுக்கழுதை வண்டியில் தொட்டிகளை ஏற்றிக்கொண்டு பாலம் வரைக்கும் என்னைக் கூட வரச் சொன்னாள்.

"நீயும் வந்துடு. அதை எடுத்துப் போட்டுட்டு வா. வீடு விழட்டுமே. அவங்ககிட்டே வேற வீடு கட்டுற அளவுக்கு இருக்கு."

"இப்ப அங்க ரெண்டு குழந்தைங்க தாஃபினா."

"முன்கூட்டியே சொல்லிட்டு எடு."

"சொன்னா ஊருக்கே தெரியும். வேற யாரையாவது அளப்பாங்க."

அவள் வண்டியிலிருந்து இறங்கி, அதுவரை என்னிடம் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். நான் நின்ற இடத்தில் குனிந்து, என் நிழல் விழ வேண்டிய காலடித் தரையை நன்றாகப் பார்த்தாள். என்ன தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"தொப்பி போட்டுக்கிட்டு நட," என்றாள். "வெயில் அதிகமா இருக்கு."

வண்டி வளைவைத் தாண்டும் வரை நின்றேன். அந்த மாதம் வேறொரு கூட்டத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தோம். பலகைக் கல் வந்து இறங்கியிருந்தது. வேலைக்குத் திரும்பிப் போனேன்.