திரை கட்டிய வண்டி

"அக்கா, இது போற வண்டியா, வர்ற வண்டியா?"

"போற வண்டிதான்டி. திரையைப் பாரு, கட்டித்தானே இருக்கு."

ஆறு வருஷத்துக்கு முன்னால், பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் வண்டியில் படுத்திருந்த தங்கை ஓரா கேட்டதும் ஐடெல்லா பதில் சொன்னதும் இவை. அதற்குப் பிறகு ஓரா இன்னொன்றும் கேட்டாள். அதற்கு மட்டும் ஐடெல்லா இன்றுவரை பதில் சொல்லவில்லை.

அமெரிக்காவின் தெற்கே, பிரையர்டனில் கறுப்பர் தெருவுக்கு ஒரே வண்டி, ஐடெல்லாவின் கணவர் லூஷியஸ் டார்வருடைய நீளமான கறுப்பு வண்டி. செத்தவர்களைக் கல்லறைக்குக் கொண்டுபோவதும் அதுதான், நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதுதான். நோயாளி என்றால் முன்கண்ணாடியில் சிவப்பு விளக்கை மாட்டி, ஊதாத் திரையை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டுவார். நகரத்து ஆஸ்பத்திரியின் நிலவறையில் கறுப்பர்களுக்கென்று பன்னிரண்டு கட்டில்கள் உண்டு. அதற்கு நாற்பத்தோரு மைல் போக வேண்டும். பாதி வழியில் உயிர் போய்விட்டால், நாணல் ஓடைப் பாலத்தருகே வண்டியை நிறுத்துவார். விளக்கைக் கழற்றுவார், திரையை அவிழ்த்துவிடுவார், வந்த வழியே திருப்புவார். திரை தொங்க வண்டி தெருவுக்குள் நுழைந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. பெண்கள் அடுப்பை மூட்டிச் சாவு வீட்டுக்குச் சமைக்கத் தொடங்குவார்கள்.

லூஷியஸ் கெட்டவர் அல்ல. ஓராவுக்குத் தன் சாவுக் கடையிலிருந்ததிலேயே உசத்தியான சவப்பெட்டியைக் கொடுத்தார், ஒரு டாலர்கூட வாங்கவில்லை. கல்லறையில் நின்று குழந்தைபோல அழுதார்.

இப்போது, ஆறு வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேவாலயம் முடிந்து வந்து, மக்காச்சோள ரொட்டியும் கீரையும் பரிமாறி ஐடெல்லாவும் லூஷியஸும் உட்கார்ந்த நேரத்தில் பள்ளி ஆசிரியர் கிளெமண்ட் யான்சி வந்தார். கையில் ஒரு மனு இருந்தது. ஊருக்குள்ளேயே, இந்த வீட்டிலிருந்து நாலு நிமிஷ தூரத்தில் இருக்கும் வெள்ளையர் ஆஸ்பத்திரி கறுப்பர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கும் மனு. தெருவில் வசதியானவர் முதல் கையெழுத்துப் போட்டால் மற்றவர்களுக்குப் பயம் தெளியும் என்றார் யான்சி. லூஷியஸ் படித்துப் பார்த்து, மடித்து, ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வாத்தியாரே, உக்காந்து சாப்பிடுங்க. கையெழுத்தை மட்டும் கேக்காதீங்க."

யான்சி காரணம் கேட்டார். கடை இருக்கும் இடம் வங்கிக்காரரிடம் அடமானத்தில் இருப்பதையும், வங்கிக்காரரின் தம்பிதான் ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் தலைவர் என்பதையும் லூஷியஸ் பொறுமையாகச் சொன்னார். ஐடெல்லா கீரைக் கிண்ணத்தைச் சத்தத்தோடு வைத்தாள்.

"அது மட்டும்தானா?" என்றாள்.

லூஷியஸ் மேஜையைப் பார்த்தபடியே சொன்னார்.

"இன்னிக்கு ஆஸ்பத்திரிக் கதவு திறந்தா, நாளைக்கு இங்க இருக்கிற வெள்ளைக்காரன் சாவுக் கடைக் கதவும் நமக்குத் திறக்கும். இப்ப நம்மாளு பொணத்தைத் தொடமாட்டேங்கிறான், அதனால எல்லாரும் என்கிட்ட வர்றாங்க. நம்மளத் தள்ளி வெச்சாங்க ஐடெல்லா. தள்ளி வெச்ச இடத்துல நான் ஒரு வீடு கட்டிட்டேன். அதை நானே இடிக்கணுமா?"

"வீடு நல்லாத்தான் இருக்கு. ஆனா ராத்திரி என்னால தூங்க முடியலையே" என்றாள் அவள்.

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். இடது கை மார்பைப் பிடித்தது, நெற்றி முழுக்க வியர்வை. நாற்காலியோடு சரிந்தவரை யான்சி பாய்ந்து தாங்கிக்கொண்டார்.

வண்டி ஓட்டுகிறவரே விழுந்துவிட்டார், வேறு ஓட்டுநர் இல்லை. இருவருமாகத் தூக்கி, எத்தனையோ பேர் படுத்த அந்தப் படுக்கையில் அவரைக் கிடத்தினார்கள். யான்சி பின்னால் ஏறிக்கொண்டார். ஐடெல்லா சிவப்பு விளக்கை மாட்டினாள், திரையை இரண்டு முடிச்சாகப் போட்டுக் கட்டினாள், வண்டியைக் கிளப்பினாள்.

தெரு முனை திரும்பியதும் பின்னாலிருந்து ஓராவின் குரல் கேட்டது. இந்த இடத்தில் எப்போதும் கேட்கும். உதவிக்கென்று நோயாளிகளோடு போன ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறது. வீவர் கிழவரோடு போனபோது, சுண்ணாம்புக் காளவாயில் வெந்துபோன ஒரு பையனோடு போனபோது. வெள்ளையர் ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கட்டடம் கண்ணில் படும், வராந்தாவில் நர்சுகள் தெரிவார்கள், உடனே அந்தக் குரல்: இங்க ஒரு தடவ கேட்டுப் பாக்கக் கூடாதாக்கா? ஓரா அப்படிக் கேட்ட அன்று ஐடெல்லா, வண்டி ஓட்டிய கணவனின் முதுகைப் பார்த்தாள். அந்த முதுகு அசையவில்லை. வண்டி வேகம் குறையாமல் கட்டடத்தைக் கடந்தது. பாலத்தருகே நின்றது.

இன்று முன்னால் எந்த முதுகும் இல்லை. ஸ்டியரிங் அவள் கையில் இருந்தது.

வேகம் குறைவதைப் படுத்திருந்தவர் உணர்ந்துவிட்டார். "நிறுத்தாத," என்று முனகினார். "போய்க்கிட்டே இரு. நாம கேட்டதாத் தெரிஞ்சா... கடை போயிரும்."

"பேசாதீங்க," என்றார் யான்சி. என்ன செய்வதென்று தெரியாமல் திரையின் கயிற்றைப் பிடித்திருந்தார்.

"வாத்தியாரே, அந்த முடிச்சைத் தொடாதீங்க," என்றாள் ஐடெல்லா.

கறுப்பு வேலையாட்கள் போகும் பின்வாசலுக்கு வண்டியைக் கொண்டுபோகவில்லை. முன்வாசல் படிக்கு நேராக, வெயில் அடிக்கும் இடத்தில் நிறுத்தி இறங்கினாள். ஐந்து படிகள். ஆறு வருஷமாகத் தினமும் பார்த்த படிகளில் இன்றுதான் முதல்முறையாகக் கால் வைத்தாள்.

கம்பிவலைக் கதவுக்குப் பின்னால் ஒரு நர்ஸ் எழுந்து வந்தாள். அவளைத் தாண்டி, வெள்ளை விரிப்போடு ஒரு கட்டில் காலியாக இருப்பது தெரிந்தது. நர்ஸ் ஐடெல்லாவைப் பார்த்தாள், பிறகு வண்டியைப் பார்த்தாள். ஊரில் யாருக்குத்தான் அந்த வண்டி தெரியாது?

"டார்வர் வண்டிதானே?" அவள் குரலில் கோபம்கூட இல்லை. "யாரு உன்னை வரச் சொன்னது? இங்க உங்க ஆளுங்க யாரும் சாகலையே. எடுத்துட்டுப் போறதுக்கு ஒண்ணுமில்ல."

பின்னால், வண்டிக்குள் லூஷியஸின் மூச்சு இழுப்பது வாசல்வரை கேட்டது. இன்னும் கேட்டது. ஐடெல்லா கம்பிவலையின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"எடுத்துட்டுப் போக வரலம்மா," என்றாள். "சேக்க வந்திருக்கேன். என் புருஷனுக்கு உசிரு இருக்கு. உள்ள எடுத்துக்கோங்க."