ஒரு பாடத்துக்கு ஒரு பூச்சி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் வந்தால் லேசில் இறங்காது. அந்தப் பயிற்சி முகாமில் வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

முனைவர் பட்டம் முடித்து, அதே துறையில் ஒப்பந்த ஆய்வாளராக மூன்றாவது வருடம் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒப்பந்தம் முடிய ஆறு வாரம் இருந்தது. துறையில் ஒரு விரிவுரையாளர் இடம் காலியானது. விண்ணப்பத்தோடு ஒரு கடிதம் வைக்க வேண்டும்: இவர் தனிப்பொறுப்பில் வகுப்பு நடத்தியிருக்கிறார் என்று பேராசிரியர் கையெழுத்துப் போட்ட கடிதம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கொடுத்தாக வேண்டும். அது இல்லையென்றால் விண்ணப்பத்தைத் தொடக்கூட மாட்டார்கள். அந்த ஒரு கடிதத்துக்காக ஒரு மாதமாக என் பேராசிரியர் பின்னால் அலைந்துகொண்டிருந்தேன்.

அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ‘கையெழுத்து’. பருவத்தின் முதல் நாள் வருகைப் பட்டியலில் ஒரு கையெழுத்துப் போடுவார், கடைசி நாள் மதிப்பெண் பட்டியலில் ஒன்று. நடுவில் பதினைந்து வாரமும் முதலாண்டுப் புள்ளியியல் என் தலையில். ஒரு கருத்தரங்கு இருக்கிறது, இரண்டு வாரம் மட்டும் பார்த்துக்கொள்ளம்மா என்றுதான் ஆரம்பித்தார். நான்கு பருவம் ஓடிவிட்டது.

பாடம் எப்படி நடத்துவது என்று எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. நீச்சல் தெரியாதவளைக் கிணற்றில் தள்ளிவிட்ட கதைதான். முதல் நாள் நூற்றிருபது பேர் முன்னால் ஐம்பது நிமிடம் கரும்பலகையோடு பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் கடைசி இரண்டு வரிசை காலி. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகுதான் பூச்சி வைக்கும் வழக்கம் வந்தது. ஒவ்வொரு பாடத்தின் ஸ்லைடிலும் தெரிந்தே ஒரு தப்பை வைப்பேன். அதற்குப் பெயர் பூச்சி. வகுப்பு முடிவதற்குள் கண்டுபிடித்து, கையில் இருக்கும் நகலில் சிவப்பு வட்டம் போட்டு, ஏன் தப்பு என்று ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த வகுப்பு அந்த வரிகளில் இருந்துதான் தொடங்கும். தூங்கிக்கொண்டிருந்த கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. கடைசி வரிசை நிரம்பியது. கடைசி நாள் மாணவர்கள் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்தில் கல்லூரியிலேயே எங்கள் வகுப்புக்குத்தான் அதிக மதிப்பெண். படிவத்தில் ஆசிரியர் என்ற இடத்தில் யார் பெயர் அச்சாகியிருக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம்.

கடிதத்துக்குக் கெடு முடியும் அந்த வாரம்தான் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் எங்களைப் போன்ற ஒப்பந்த ஆய்வாளர்களுக்கும் மூன்று நாள் ஆசிரியப் பயிற்சி முகாம் வைத்தார்கள். நான்கு பருவம் கழித்து! முதல் இரண்டு நாளும் கேள்வி கேட்பது எப்படி, மாணவர் முகத்தைப் பார்ப்பது எப்படி என்று வகுப்பு நடந்தது. நல்ல விஷயங்கள்தான், பொய் சொல்லமாட்டேன். மூன்றாம் நாளான புதன்கிழமை, ‘சிறந்த ஆசிரியருடன் ஒரு மணி நேரம்’. பயிற்சி மையத்தின் தலைவி மேடைக்கு அழைத்தது கையெழுத்தை.

வந்தார். மாணவர் மனதைத் தொட வேண்டும் என்றார். வாய் கூசாமல், தினமும் வகுப்பறையில்தான் தான் புதிதாகக் கற்றுக்கொள்வதாகச் சொன்னார். பிறகு மாதிரிப் பாடம் என்று திரையில் ஸ்லைடு போட்டார். என் ஸ்லைடு. நான் தேர்ந்தெடுத்த எழுத்துரு, நான் வரைந்த படம், கீழே அவர் பெயர்.

ஐந்தாவது ஸ்லைடு வந்தது. பத்துப் பேர் உள்ள வகுப்பின் சராசரி எண்பது. நாற்பது பேர் உள்ள வகுப்பின் சராசரி அறுபது. இரண்டையும் சேர்த்தால் சராசரி எழுபது என்று எழுதியிருந்தது. அதையும் அப்படியே வாசித்தார். என் பக்கத்தில் இருந்த வேதியியல்காரி கை தூக்கி, நாற்பது பேர் இருக்கும் பக்கம்தானே கனம் அதிகம், அறுபத்து நான்கு அல்லவா வர வேண்டும் என்று கேட்டாள்.

அறிமுகப் பாடத்தில் இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை என்றார் அவர். அரங்கில் சிரிப்பு கிளம்பியது. அப்போதுதான் அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். காது சிவந்தது. கண்கள் கூட்டத்தில் என்னைத் தேடின.

ஒரு வார்த்தை போதும். சார் வேண்டுமென்றேதான் வைத்தார், உங்களைச் சோதிக்கத்தான் என்று நான் எழுந்து சொல்லியிருந்தால், அன்று மாலையே கடிதம் என் கைக்கு வந்திருக்கும். வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எழுந்திருக்க நாற்காலியின் கையைக்கூடப் பிடித்துவிட்டேன். அதற்குள் அவரே பேசிவிட்டார்.

“இந்த ஸ்லைடெல்லாம் நான் பண்ணலை. அதோ உக்காந்திருக்காங்களே, என் ஆய்வாளர், அவங்க பண்ணது. அடிப்படையே தகராறு. இவங்களை நம்பி விட்டா இப்படித்தான்.”

எழுந்தேன்.

“அது தெரிஞ்சே வச்ச தப்பு சார். பாடத்துக்கு ஒண்ணு இருக்கும். பசங்க கண்டுபிடிச்சு வட்டம் போட்டுக் குடுப்பாங்க. நாலு பருவமா நடக்குது. ஒருநாள், ஒரே ஒருநாள் வகுப்புப் பக்கம் எட்டிப் பாத்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.”

அப்படியானால் அந்த வகுப்பை நடத்தியது யார் என்று மையத் தலைவி கேட்டார். எல்லாம் தன் மேற்பார்வையில்தான் என்றார் கையெழுத்து. தலைவி குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டார். தேநீர் இடைவேளை விட்டார்கள். வேதியியல்காரி மட்டும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை கடிதம் வந்தது. நேரம் தவறாதவர், பணிவானவர், சொன்ன வேலையைச் செய்பவர் என்று ஆறு வரி. ஏழாவது வரியில் ‘முதலாண்டுப் புள்ளியியல் வகுப்புகளை நடத்த எனக்கு உதவினார்.’ என்னோடு தங்கியிருக்கும் தங்கை அதை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

“வீட்டு வேலைக்கு ஆள் சேக்கறதுக்கு எழுதின மாதிரி இருக்குக்கா” என்றாள். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் அறைக்குப் போனேன். அந்த ஏழாவது வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு மேசையில் வைத்தேன். என்னம்மா இது என்றார். பூச்சி என்றேன். இருப்பதைக் கொண்டுபோய்க் கொடு, ரொம்பப் பேசினால் இதுவும் இருக்காது என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்த வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

“நாலு பருவம், நானூத்தி எண்பது பசங்க சார். ஒருத்தர், ஒரே ஒருத்தர் பேரைச் சொல்லுங்க. இந்தக் கடிதத்தையே எடுத்துட்டுப் போறேன்.”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார், அங்கே பெயர் ஏதாவது எழுதியிருக்கும் என்பது போல. எனக்கு எத்தனை பெயர்கள் தெரியும்! யாருக்குப் பின்னம் வராது, யார் பேருந்து பிடித்துத் தாமதமாக வருவான், யார் எல்லாப் பூச்சியையும் பிடித்துவிட்டுக் கை தூக்கக் கூச்சப்படுவாள் என்பதெல்லாம் தெரியும். எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கடிகாரத்தில் மூன்றே கால்.

மூன்று இருபத்தைந்துக்கு அவர் பேனாவைத் தேடினார். என் சிவப்புப் பேனாவை நீட்டினேன். ‘நடத்த எனக்கு உதவினார்’ என்பதை அடித்து, மேலே ‘தனிப்பொறுப்பில் நடத்தினார்’ என்று எழுதி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த வகுப்புக்காக அவர் போட்ட கையெழுத்துகளிலேயே உண்மையானது அது ஒன்றுதான்.

நன்றி சொல்லாமல் எடுத்துக்கொண்டு வந்தேன்.