மூழ்க மறுத்த கப்பலும் ஒரு கடைவாய்ப் பல்லும்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. என் பல்லைப் பிடுங்க வந்த டாக்டரின் சட்டைப்பைக்குள் பீரங்கிச் சத்தம் கேட்டது. "கேம்" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். நான் வாய் மரத்துக் கிடக்கிறேன், அவர் கடற்போரில் இருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

"நீலக் கடலில் புகை கக்கியபடி அந்தப் போர்க்கப்பல்..." (வேண்டாம். போர்க்கப்பலை நான் போனில்தான் பார்த்திருக்கிறேன்.)

"பல் டாக்டருக்கு யாரையும் சுடப் பிடிக்காது." இது நிற்கும்.

2

பல் டாக்டருக்கு யாரையும் சுடப் பிடிக்காது. தன்னைக் கண்டாலே நடுங்குகிறவர்களோடுதான் அவருக்கு நாள் முழுக்கப் பிழைப்பு. அதனால் கேமில் தன் கப்பலின் பீரங்கிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இரும்புக் கவசமாக வாங்கி மாட்டினார். தகட்டின் மேல் தகடு. கப்பல் இஸ்திரிப் பெட்டி மாதிரி ஆனது. யார் சுட்டாலும் டங்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒருவர் தன்மேல் கோபப்பட்டும் ஒன்றும் ஆகாமலிருப்பது அவருக்கு இதமாக இருந்தது.

அன்றைக்கு நாற்காலியில் ஒரு பஸ் டிரைவர். ஊசி போட்டாயிற்று. மரத்துப் போகட்டும் என்று டாக்டர் திரைக்குப் பின்னால் போய் போனை எடுத்தார். 'புயல்' என்ற பெயரில் யாரோ சுட்டார்கள். டங். அதே டங் திரைக்கு அந்தப் பக்கமும் கேட்டது.

எட்டிப் பார்த்தார். டிரைவர் கையிலும் போன்.

"நீங்கதானா அந்த இத்திரிப் பெட்டி?" என்றார் டிரைவர், மரத்த நாக்கோடு. (இனி அவர் பேச்சைத் திருத்தியே எழுதுகிறேன்.)

3

(இங்கே ஒரு நர்ஸ் வந்தார். அவருக்குக் கதையில் வேலையில்லை, கோடு போட்டு அடித்துவிட்டேன். டிரைவரின் அக்கா போதும். தம்பி இதற்கு முன் பல்லைப் பிடுங்காமலே ஓடிப்போனவர் என்பதால், வெளியே அவர் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.)

"இந்த ஆட்டம் முடியட்டும் டாக்டர். அப்புறம் பிடுங்கிக்கலாம்."

ஒரு கப்பல் மூழ்கும்வரை ஆட்டம் முடியாது. டாக்டரிடம் பீரங்கி இல்லை. டிரைவரின் குண்டு கவசத்தில் ஏறாது.

"இது முடியவே முடியாதுங்களே."

"தெரியும்" என்றார் டிரைவர்.

வெளியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "டாக்டர், என்ன சத்தம் அது? பல்லா?"

"இல்லம்மா, கப்பல்."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "சரி, அதையும் எடுத்துடுங்க."

4

வழி ஒன்று இருந்தது. கப்பலின் அடிக்கதவைத் திறந்து, தானே தண்ணீரை உள்ளே விடும் பொத்தான். டாக்டர் அதைத் தொட்டதேயில்லை.

"நான் இதுவரைக்கும் மூழ்கினதில்ல" என்றார் மெல்ல.

"எனக்கும் இதுவரைக்கும் பல்லு போனதில்ல."

"நீங்க வாயத் திறந்தா நான் கதவத் திறக்கிறேன்."

"நீங்க முதல்ல."

"இல்ல, நீங்க."

5

கப்பலை மூழ்கடித்து ஒரு முடிவு எழுதினேன். டாக்டர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பல்லைப் பிடுங்கி இன்னொன்று; டிரைவர் என்னை முறைத்தார். இரண்டும் ஒரே நொடியில் நடப்பதாக ஒன்று, அது ரொம்பத் தித்தித்தது, கிழித்துவிட்டேன்.

டாக்டரின் கட்டைவிரல் பொத்தான்மேல் இருக்கிறது. டிரைவரின் உதடுகள் லேசாகப் பிரிந்திருக்கின்றன. என்னால் இவர்களில் யாரையும் அதட்ட முடியாது, பழகிவிட்டேன். உங்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை. மரப்பு விட ஆரம்பித்துவிட்டது. யாராவது ஒருத்தரைப் பார்த்து, "ம், திறங்க" என்று சொல்லுங்கள்.