அப்படிப்பட்டவன்

அது மனைவிக்கு மட்டும்தான் தெரியும், வேறு யாருக்குத் தெரியும்... கேகாலையிலிருந்து ருவான்வெல்லைக்குப் போகும் பஸ்ஸில், ஜன்னலோரமாக உட்கார்ந்து, செல்லையா அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தான். காலையில் நீதிமன்றத்தில் அவனை விட்டுவிட்டார்கள். உங்கள்மேல் குற்றம் ஒன்றும் இல்லை, போகலாம் என்றார்கள், அவ்வளவுதான், ரிமாண்டில் கிடந்த நாட்களைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்தானா? இல்லை... ஆனால் பொலிசுக்கு உதவ என்று கொழும்பிலிருந்து வந்த, மனோதத்துவம் படித்த அந்த மேடத்தை ஒருதடவை பார்க்கவேண்டும் போலிருந்தது. பார்த்து என்ன கேட்பது, உங்களிடம் யார் சொன்னது என்றா, அதுதான் தெரியுமே, தெரிந்ததை ஏன் கேட்கவேண்டும்...

தோட்டத்தில் முதலில் எரிந்தது ரப்பர் சீட் காயப்போடுகிற கீழ் டிவிசன் புகைக்கூடம், பிறகு மேல் டிவிசனில் இருந்தது. இரண்டு தடவையும் வாளியைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடியவன் செல்லையா. இரண்டிலும் விறகு போடுகிறவனே அவன்தான், ஓடாமல் என்ன செய்வான்? பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அந்த மேடம் கத்தவில்லை, யாரையும் அடிக்கவிடவில்லை, பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, சிங்களத்தில், வகுப்பில் பாடம் சொல்வதுபோலப் பேசினார். தீ வைத்தவன் யார் என்று தெரியாவிட்டாலும் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடலாமாம். அதிகம் பேசமாட்டான், பிள்ளை குட்டி இருக்காது, வேலை செய்கிற இடத்தில் ஏதாவது மனத்தாங்கல் இருக்கும், தீப்பிடித்தால் அணைக்க முதல் ஆளாக வந்து நிற்பான், சின்ன வயதில் பெரிய நெருப்பொன்றைக் கண்டிருப்பான்... அவனும் தலையாட்டிக்கொண்டே கேட்டான், எவனோ ஒருவனுடைய கதையைக் கேட்பதுபோல. அப்புறம் மேடம் கொஞ்சம் முன்னால் குனிந்து, அந்த நெருப்பு உங்களுக்கு அழகாக இருந்தது, இல்லையா என்று கேட்டார். அவன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். அதைக்கூட அவர் பார்த்து வைத்துக்கொண்டார்.

அழகாகத்தான் இருந்தது. எண்பத்து மூன்று கலவரத்தில், அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குத் தீ வைத்தபோது, ரப்பர் மரங்களுக்குள் அம்மா அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயைப் பொத்தினாள், கண்ணைப் பொத்த மறந்துபோனாள். தகரங்கள் சிவந்து மேலே எழும்பின. அவர்களுடைய ஒற்றையறைக் காம்பரா எரிகிறது, அதற்குள் அப்பாவின் சட்டை எரிகிறது, அவனோ வாயடைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அழ வரவில்லை, எவ்வளவு அழகு என்றுதான் அந்தச் சின்ன மனசுக்குத் தோன்றியது. கல்யாணமான புதிதில், மழை பிடித்துக்கொண்ட ஒரு பகலில், இதைக் கிருஷ்ணகுமாரியிடம் சொன்னான், சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டான். அவள் அவன் தலையைத் தடவினாள். யாரிடமும் சொல்லாதே என்று அவன் கேட்கவில்லை, மனைவியிடம் அப்படியெல்லாம் கேட்பார்களா... அதையல்லவா தூக்கி அந்த மேடத்தின் மேசையில் வைத்துவிட்டாள். அதைவிடக் கொடுமை, ரிமாண்டில் படுத்திருந்தபோது அவனுக்கே சந்தேகம் வந்தது. அவ்வளவு படித்தவர் சொல்கிறார், ஒவ்வொன்றும் பொருந்துகிறது, நான்தானோ? தூக்கத்தில் எழும்பிப் போனேனோ?

ஆனால் அவன் உள்ளே இருக்கும்போதே ரம்புக்கனைப் பக்கம் இன்னொரு புகைக்கூடம் எரிந்தது. லொறிக்காரர்கள் இரண்டு பேர் பிடிபட்டார்கள். ரப்பர் சீட்டைத் திருடிக்கொண்டு, களவு தெரியாமலிருக்க மிச்சத்தைக் கொளுத்தியிருக்கிறார்கள், இங்கே எரிந்த இரண்டும் அவர்கள் வேலைதானாம். சின்ன வயது நெருப்புமில்லை, மனத்தாங்கலுமில்லை, வெறும் களவு... பஸ் நின்றது. கடைத்தெருவில் தெரிந்த முகங்கள் சிரித்தன, விட்டுட்டாங்களா என்று கேட்டன. விட்டுட்டாங்க, விட்டுட்டாங்க என்று சொல்லிக்கொண்டே தோட்டத்துப் பாதையில் ஏறினான். முதலில் என்ன கேட்பது? ஏன் சொன்னாய் என்றா, எப்படி மனசு வந்தது என்றா...

கிருஷ்ணகுமாரி வாசலில் நின்றாள். உள்ளே கூப்பிட்டு, சோறு போட்டுத் தட்டைக் கொண்டுவந்தாள், கையில் பிடித்துக்கொண்டே நின்றாள். அவன் வாங்கவில்லை. ஏன் சொன்னாய் என்று அவன் கேட்கவேயில்லை, அவளே தொடங்கினாள்.

"நீங்க ஏன் யார்கூடவும் பேசுறதில்லன்னு அந்த மேடம் கேட்டாங்க. சின்ன வயசுல பட்ட கஷ்டத்தச் சொன்னா பாவப்பட்டு விட்டுருவாங்கன்னு நெனச்சேங்க. அத இப்புடித் திருப்புவாங்கன்னு எனக்குத் தெரியல."

இருக்கலாம். பொய் சொல்கிற முகம் இல்லை அது. ஆனால் அவன் வாயிலிருந்து வேறொன்று வந்தது, பஸ்ஸில் ஒருதடவைகூட நினைக்காத ஒன்று.

"நான் செஞ்சிருப்பேன்னு நீ நெனச்சியா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். அவள் தட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"மொத நாளு மட்டுந்தாங்க."

முதல் நாள்... பொலிசுக்குச் சோற்றுப் பார்சலோடு அவள் ஓடிவந்த நாள். அத்தனை பேருக்கு முன்னால் அவன் கையைப் பிடித்து, சாப்பிடுங்க, நான் இருக்கேன், எங்கயும் போகமாட்டேன் என்றாள். ரிமாண்டில் அவன் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தது அந்தப் பேச்சை வைத்துத்தான். அப்படியென்றால் அதை அவள் யாருக்குச் சொன்னாள், தீ வைத்தவனுக்கா... தீ வைத்தவன் என்று நினைத்துக்கொண்டே, எங்கேயும் போகமாட்டேன் என்றாளா? அதற்கு அவன் கோபப்படவேண்டுமா, இல்லை வேறு ஏதாவதா, அதற்கு என்ன பெயர்... சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவள் இன்னும் தட்டை நீட்டிக்கொண்டேதான் நின்றாள்.