அப்பாவின் எண்

“டி.சி. குடுத்துருங்க மிஸ்.”

கௌசிகா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். பதினொன்றாம் வகுப்பு. உயிரியலில் அவளை மிஞ்ச ஆளில்லை. நகக்கண்ணில் கிழங்கு மண்.

சுகுணா பேனாவை மூடினாள். கொல்லிமலையின் அந்தப் பள்ளிக்கு மாணவர் ஆலோசகராக வந்து ஐந்து மாதம் ஆகிறது. சொந்த ஊர் கீழே, ராசிபுரம்.

“நீயா கேக்குறியா, கேக்கச் சொன்னாங்களா?”

“யுவராஜ் அண்ணன் மில்லுக்கு ஆள் சேக்குறாருங்க. என்னைய அனுப்பச் சொல்லி அப்பாவ நச்சரிக்கிறாரு. போன வருசம் போன எங்க பெரியம்மா புள்ள இன்னும் ஊடு வந்து சேரலீங்க.”

“உனக்குப் போக இஷ்டமா?”

“நர்ஸ் ஆகோணும் மிஸ்.”

“சரி. அப்பாகிட்ட நான் பேசறேன்.”

“ஊட்டுக்கு வந்து பேசுங்க மிஸ். போன்ல வேண்டாம்.” மணி அடித்தது. எழுந்தவள் வாசலில் திரும்பினாள். “நீங்க சொன்னா அப்பா கேப்பாருங்க. டீச்சர் வாக்குன்னா அவருக்குச் சாமி வாக்கு.”

கௌசிகாவின் ஊர் இருக்கும் அரியூர் நாட்டுக்கு ஒரு பஸ், இறங்கி ஒரு மணி நேர நடை. மேஜையிலோ கணினியில் ஏற்ற வேண்டிய படிவங்கள் நூற்றிருபது. சுகுணா அலுவலகத் தொலைபேசியை எடுத்தாள். பதிவேட்டிலிருந்து டைரியில் குறித்து வைத்த எண்ணை அழுத்தினாள்.

“கௌசிகா அப்பாவுங்களா?”

மறுமுனையில் லாரி இன்ஜின் உறுமியது.

“ஆமாங்க டீச்சர். சொல்லுங்க.”

எல்லாம் சொன்னாள். நன்றாகப் படிக்கிற பெண். மில்லுக்கு அனுப்பினால் புகார் போகும். அவளே பயந்துபோய் வந்து சொன்னாள்.

“அவளேவா சொன்னா?”

“ஆமாங்க. கண்டிக்காதீங்க.”

“சேச்சே. நீங்க சொன்னாச் சரிங்க டீச்சர்.”

இந்த மலையில் எல்லா அப்பாக்களும் இப்படித்தான். மல்லுக்கு நிற்பதே இல்லை. டைரியில் எழுதினாள்: பேசியாயிற்று.

அது வெள்ளிக்கிழமை. திங்களன்று கௌசிகா வரவில்லை. செவ்வாயும் வரவில்லை.

புதன் காலை முதல் பஸ்ஸில் சுகுணா ஏறினாள்.

கௌசிகாவின் அப்பா அப்பாசாமி மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்தார்.

“வாங்க டீச்சர். உங்க பேச்சத் தட்டலீங்க. காலைலதான் அனுப்பி வெச்சேன்.”

“எங்க?”

“மில்லுக்குத்தானுங்க.” அவர் குழம்பினார். “நீங்கதான சொன்னீங்க, படிப்பு ஏறாது, பேர அடிச்சாச்சுன்னு? புள்ள நம்பல. டீச்சர் வருவாங்க, வருவாங்கன்னு ரெண்டு நாளா வாசப்படியிலயே குந்தியிருந்தா. டீச்சரே கைய விரிச்சாச்சு, இன்னும் என்ன சாமின்னு நாந்தான் லாரில ஏத்தி வுட்டேன்.”

“நான் உங்ககிட்ட போன்ல...”

“எங்கிட்ட ஏதுங்க போனு? யுவராஜ்தான் வந்து சொன்னாரு. கெழங்கு லாரிக்காரருங்க. இங்க டவர் இல்லீங்களே, பள்ளிக்கூடத்துல நெம்பர் கேட்டா ஊரே அவரு நெம்பரத்தான் குடுக்கும்.”

சுகுணா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“லாரி எந்த வழியா போச்சு?”

“முள்ளுக்குறிச்சி வழிங்க. ஆறு மணிக்கே.”

இப்போது மணி பத்து. லாரி மலையை விட்டு இறங்கியிருக்கும்.

மேட்டுப் பாறையில் நின்றால் போன் எடுக்கும் என்றார் அவர். ஓடி ஏறினாள். முட்டி சிராய்ந்து ரத்தம் வந்தது. போனில் சிக்னல் ஒரே ஒரு கோடு. குழந்தைகள் உதவி எண்ணை அழுத்தினாள்.

“லாரி நம்பர் என்ன மேடம்?” மறுமுனையில் ஒரு பெண்.

“தெரியாது.”

“மில் பேரு?”

“தெரியாது.”

“அந்தாளு போன் நம்பராவது?”

“இருக்கு.”

டைரியைப் பிரித்தாள். ஒவ்வோர் இலக்கமாகப் படித்தாள். முடித்தபோது கண் மேல்வரிகளுக்கு ஏறியது.

சென்னம்மாள், பத்தாம் வகுப்பு. அதே எண். அதற்கு மேலே கலைச்செல்வி. அதே எண். முந்தைய பக்கத்தில் கோகிலவாணி.

மூன்று வகுப்பு, மூன்று அப்பாக்கள், ஒரே குரல். நீங்க சொன்னாச் சரிங்க டீச்சர். மூன்றுக்கும் நேராக அவள் கையெழுத்தில்: பேசியாயிற்று. மூவரும் அதற்கப்புறம் வரவில்லை. இடைநிற்றல் என்று கணினியில் ஏற்றியதும் அவளேதான்.

“மேடம், லைன்ல இருக்கீங்களா? காணாமப் போனது ஒரு குழந்தைதானே?”

கீழே அப்பாசாமி துண்டைக் கையில் பிடித்தபடி பாறையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

“இல்லீங்க,” என்றாள் சுகுணா. “நாலு.”