சிவப்புப் பெட்டி வராத காலை

கம்ப்யூட்டரில் எக்செல் தாள் திறந்தது. அதில் ஒன்றுமே இல்லை. தேவகுமாரி மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள், வெறும் கட்டங்கள். ‘குவாட்டர்ஸ் காலி செய்ய வேண்டியவர்கள்’ என்று தலைப்புப் போட்டு வந்த மெயிலில் தன் பெயர் இல்லை என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் சில்வர் ஓக் மரங்களில் பாதியை விழுங்கியிருந்தது. அதற்குக் கீழே எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் கடைசி வீடு அவளுடையது. சரியாகச் சொன்னால், எஸ்டேட்டுடையது. அப்பா போன பிறகு அவளுடைய இந்த ஆபீஸ் வேலைதான் அந்த வீட்டை விட்டு வைத்திருக்கிறது. அம்மா ரூபி இடுப்பு முறிந்து படுக்கையாகக் கிடக்கிறாள். வீட்டைக் காலி செய் என்று சொல்லிவிட்டால் அம்மாவைக் கட்டிலோடு எங்கே தூக்கிக்கொண்டு போவது? அந்த மெயிலை எழுதியவர்களுக்கு அவளை எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரிந்திருந்தது.

மெயில் நேராக வந்து சேரவில்லை. சேலம் ஹெட் ஆபீஸில் ஒரு வடிகட்டி உண்டு, எல்லா மெயிலும் அதன் வழியாகத்தான் மலையேறும். கூட வரும் கோப்பைப் பிரித்துப் பார்த்து, பழைய குற்றவாளிகளான வைரஸ்களின் சாடை தெரிந்தால் பிடித்து வைத்துக்கொள்ளும். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தால் அதனால் உள்ளே பார்க்க முடியாது. அப்போதும் பிடித்து வைத்து, விடுவிக்கவா என்று கேட்கும். இதை அனுப்பியது, எஸ்டேட்டின் கொட்டச்சேடு டிவிஷன் ஆபீஸில் இருக்கும் கவிப்பிரியா. கூரை ஒழுகுவது பற்றி தேவகுமாரி முன்பு எழுதிய மெயிலுக்கே பதிலாக வந்திருந்தது. பாஸ்வேர்டும் அதிலேயே இருந்தது. தெரிந்த பெண்தானே என்று விடுவித்துவிட்டாள். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆமாம், உங்கள் பெயரும் இருக்கிறது என்று காதால் கேட்கத்தான் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வந்ததை வழக்கம்போல ‘எடை’ என்ற ஃபோல்டரில் போட்டுத்தான் திறந்தாள். அந்த ஆபீஸில் சகலமும் அதற்குள்தான் கிடக்கும். வேறெங்கே வைத்தாலும் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் சிவக்குமாருக்குத் தேடி எடுக்கத் தெரியாது. காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கியபோது, எடை போடும் புரோகிராமைத் திறந்தாலே மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி குதித்து, புரோகிராமையே பிடித்து உள்ளே தள்ளிவிடும். யாரோ ஒரு பையன் எழுதிக் கொடுத்த புரோகிராம் அது. ஊர் பேர் தெரியாத ஒன்று இத்தனை கோப்புகளைத் திறந்து மாற்றி எழுதினால் ஆன்ட்டிவைரஸ் அதைத் திருடன் என்றுதான் நினைக்கும் என்றார் ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டர்காரர் பிரபாகர். அந்த ஒரு கோப்பை மட்டும் சோதிக்க வேண்டாம் என்று விலக்குக் கொடுத்தால் போதும் என்று போனில் சொன்னார். அதை அவள் துழாவிக்கொண்டிருக்க, வெளியே கண்ணாயியும் மற்ற பெண்களும் தலையில் பழ மூட்டையோடு மழையில் நின்றார்கள்.

“முழுசுக்கும் போட்டு உடு கண்ணு. பொம்பளைங்க நனையறாங்க,” என்றார் சிவக்குமார்.

முழு ஃபோல்டருக்கும் விலக்குப் போட்டாள். அதற்கப்புறம் சிவப்புப் பெட்டி வரவே இல்லை. மற்ற டிவிஷன்களிலும் இதே தொல்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவளே வழி சொல்லிக் கொடுத்தாள், கொஞ்சம் பெருமையோடுதான்.

இப்போது கம்ப்யூட்டரின் விசிறி இரைய ஆரம்பித்தது. அவள் எதையும் தொடவில்லை. ஆனால் அனுப்பிய மெயில்களின் வரிசையில் அவள் எழுதாதவை ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன, எல்லாம் அவள் பெயரில், அதே தாளோடு. அதற்குள் பிரபாகரிடமிருந்து போன்.

“மேடம், உங்க பேர்ல வைரஸ் மெயிலா கொட்டுதுங்க. செவப்புப் பெட்டி வந்துச்சுங்களா?”

“இல்லீங்க. ஒண்ணுமே வரலீங்க.”

பிரபாகர் உடனே நெட் வயரைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினாள். எதையும் தொட வேண்டாம் என்றும், அடுத்த பஸ்ஸில் தானே வருவதாகவும், அந்தப் பெட்டி ஏன் வாய் திறக்கவில்லை என்று பார்க்க வேண்டும் என்றும் சொல்லி வைத்துவிட்டார்.

சிவக்குமார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தார். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று தினமும் விசாரிக்கும் அதே இதமான குரலில் சொன்னார்.

“ஃபோல்டர் முழுசுக்கும் யாரு போட்டதுன்னு கம்ப்யூட்டர்ல பதிஞ்சிருக்குமாமா கண்ணு. உம்பேருதான இருக்கும்? நாஞ்சொன்னதெல்லாம் அதுல இருக்காது பாரு.”

குடையை எடுத்துக்கொண்டு எடைக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார். இத்தனை வருடம் சார் சார் என்று சுற்றி வந்ததற்கு இதுதானா என்று தேவகுமாரி அவர் போன வழியைப் பார்த்தாள்.

மறுபடியும் போன் அடித்தது. வெள்ளக்கடை டிவிஷனில் இதே வேலை பார்க்கும் ஆசிர். அவனும் எஸ்டேட் வீட்டில்தான் கைக்குழந்தையோடு இருக்கிறான். அவள் வாயெடுக்கும் முன்பே அவன் பேசத் தொடங்கிவிட்டான்.

“ஏனுங்க்கா, நீங்க அனுப்புன மெயில அந்த ஹெட் ஆபீஸ் வடிகட்டி புடிச்சு வெச்சிருந்துச்சுங்க. உங்க பேரப் பாத்துட்டுத்தான் உடுவிச்சேன். ஊடு போயிருமோன்னு நொம்ப பயந்துட்டேனுங்க. தொறந்து பாத்தா ஒண்ணுமே இல்லீங்க்கா, வெறுங் கட்டந்தான்.” சிரித்தான். பயம் தெளிந்தவனின் சிரிப்பு.

“செவப்புப் பெட்டி வந்துச்சா ஆசிர்?”

“அது இனி எங்கீங்க்கா வரும்? நீங்கதான அன்னைக்கு வழி சொல்லிக் குடுத்தீங்க.”

பிடுங்கிய வயரின் முனை இன்னும் அவள் கையிலேயே இருந்தது. போனுக்குள் ஆசிரின் குழந்தை எதற்கோ சிணுங்கியது. ஜன்னலுக்கு வெளியே பனி லைன் வீடுகள்மீது இறங்கிக்கொண்டிருந்தது. கடைசி வீட்டில், அம்மாவின் கட்டிலுக்கு மேலே எரியும் பல்பு மட்டும் மஞ்சளாகக் கொஞ்ச நேரம் தெரிந்தது.