ஓர் இழுப்புக்கு ஓர் உருண்டை

கிர்பி ஸ்டான்ஃபில் என் கூடாரத்துக்குள் வந்ததும், மேசையில் நான் பாதி சாப்பிட்டு வைத்திருந்த சாண்ட்விச்சை முழங்கையால் ஒதுக்கிவிட்டுத் தன் மார்க்கரை, அதாவது பெயின்ட்பால் சுடும் துப்பாக்கியை, வைத்தான். குழலிலிருந்து மஞ்சள் வண்ணம் வழிந்து என் விரிப்பைக் கெடுத்தது.

“வண்ண உருண்டை உள்ளயே ஒடையுது. பன்னெண்டு நிமிஷத்துல அரையிறுதி.”

“வரிசையில நாலு பேர் நிக்கிறாங்க.”

“நிக்கட்டும். உன் தம்பி ஆடுற டீம் இது. மறந்துட்டியா டெஸ்ஸா?”

மறக்கவில்லை. அந்த டீமில் நானும் ஆறு வருடம் ஆடியவள்தான். முட்டியில் அறுவை சிகிச்சை முடிந்து நான் படுத்திருந்தபோது, கேப்டன் கிர்பி போனில் ஒரே ஒரு வரி அனுப்பி என்னை வெளியே தள்ளினான். தம்பி நோலன் அங்கேயே தங்கிவிட்டான். அன்றிலிருந்து புளோரிடாவில் எந்த மைதானத்தில் போட்டி நடந்தாலும் நான் கூடாரம் போட்டு மார்க்கர்களைப் பழுது பார்க்கிறேன்.

நோலனைப் பார்ப்பதற்கென்றே டாம்பாவிலிருந்து ஒரு தொழில்முறை அணியின் பயிற்சியாளர் அன்றைக்கு வந்திருந்தார். கோட்டுக்கு வெளியே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டே எட்டு வருடமாக நோலன் இப்படி ஒரு நாளுக்குத்தான் காத்திருந்தான். முந்தின நாளிலிருந்து அவனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. இது மைதானம் முழுக்கத் தெரியும், எனக்குத் தெரியாதா?

மார்க்கரைப் பிரித்தேன். கிர்பி வாசலில் முதுகைக் காட்டி நின்று சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலை என் வாசலிலேயே துப்பிக்கொண்டிருந்தான்.

இந்தக் கருவியில் மாயம் ஒன்றும் கிடையாது. விசையை இழுத்தால் சின்ன சுவிட்ச் ஒன்று அழுந்தும். அதைப் பார்த்து உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகை மின் வால்வைத் திறக்கும். அழுத்தக் காற்று போல்ட் என்ற தண்டைத் தள்ள, போல்ட் உருண்டையைக் குழலுக்குள் தள்ளும். உருண்டை வந்து விழும் அறைக்கு இரண்டு பக்கமும் ஒளியால் பார்க்கும் கண் உண்டு. உருண்டை முழுசாக உட்காராமல் அது சுட விடாது. கிர்பியின் மார்க்கரில் அந்தக் கண்மேல் வண்ணம் அப்பிக் கிடந்தது. எதிரே உருண்டை இருக்கிறது என்றே அது எப்போதும் நினைத்துக்கொள்ள, பாதி விழுந்த உருண்டையைப் போல்ட் போய் நசுக்கிக்கொண்டிருந்தது. பஞ்சுக் குச்சியால் துடைத்தால் போதும். மூன்று நிமிட வேலை. இத்தனை வருடம் ஆடியவனுக்கு இதுகூடத் தெரியவில்லை.

துடைத்து மாட்டிய பிறகு ஒரு சோதனை செய்வது என் வழக்கம். உருண்டை போடாமல், கண்ணை அணைத்துவிட்டு, விசையை மெல்ல, ரொம்ப மெல்ல இழுப்பேன். ஒரு தட்டு கேட்க வேண்டும். மூன்று கேட்டது.

திரும்ப இழுத்தேன். திரும்பவும் மூன்று.

விசை நகரும்போது சுவிட்ச் கொஞ்சம் துள்ளும். அந்தத் துள்ளலைக் கண்டுகொள்ளாமல் இருக்க, பலகை சில மில்லிவிநாடி பொறுக்கும்படி வைக்க வேண்டும். அந்தப் பொறுமையைக் குறைத்துவிட்டால் துள்ளல் எல்லாம் இழுப்பாகக் கணக்காகும். விரல் ஒரு தடவை அசைய, உருண்டை மூன்று போகும். அமைப்பைத் திறந்து பார்த்தேன். எத்தனை மில்லிவிநாடி வைத்திருக்கிறதோ அத்தனை தடவை பச்சை விளக்கு சிமிட்டும். ஒரே ஒரு தடவை சிமிட்டியது. ஒன்று. என் மேசையிலிருந்து எந்த மார்க்கரும் ஐந்துக்குக் கீழே போனதில்லை.

எங்கள் லீக்கில் ஓர் இழுப்புக்கு ஓர் உருண்டைதான். ஏமாற்றி மாட்டினால் மார்க்கர்காரன் மட்டுமல்ல, பட்டியலில் இருக்கும் அத்தனை பேரும் ஒரு வருடம் வெளியே.

பழுது பார்க்கிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எதைத் தொட்டோமோ அதை ஆட்டக்காரனிடம் வாயால் சொல்லித்தான் கொடுப்போம். வேண்டாதவனாக இருந்தாலும் சரி. நான் ஆறுக்கு ஏற்றினேன். மூடினேன். சொல்லவில்லை.

“கண்ண துடைச்சாச்சு. எடுத்துட்டுப் போ.”

“இதுக்கா இவ்ளோ நேரம்?” என்று கேட்டு விதைத் தோலைத் துப்பினான். நன்றி என்ற சொல் அவன் அகராதியில் இல்லை. நேர்மையான மார்க்கரோடு அவன் எப்படி ஆடுகிறான் என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பே எனக்கு இனித்தது.

ஆட்டத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். தொடக்க மணி அடித்ததும் இடது ஓரத்து வழியை உருண்டையால் அடைப்பது கிர்பியின் வேலை. அவன் அடைப்பான் என்று நம்பித்தான் நோலன் நடுத் தடுப்புக்கு ஓடுவான். அன்றைக்கு அந்த உருண்டை மழை பொழியவில்லை, தூறியது. எதிரணிக்காரன் ஒருவன் மேலே ஒரு பொட்டுகூடப் படாமல் ஓரமாக ஓடி வந்து, ஐந்து கஜத்திலிருந்து நோலனின் முகமூடியில் சுட்டு அவனை வெளியேற்றினான். நாற்காலிக்காரர் நோட்டில் ஏதோ எழுதினார்.

முதல் புள்ளி போனது. அடுத்த புள்ளிக்கு இரண்டு நிமிட இடைவெளி. கிர்பி அவன் பகுதியில் குனிந்து மார்க்கரை நோண்டினான். பிறகு நிமிர்ந்து நேராக என் கூடாரத்தைப் பார்த்து வந்தான். மைதானத்தை விட்டு வெளியே வந்தால் குழலுக்கு உறை மாட்ட வேண்டும். கோபத்தில் மாட்டவில்லை. அதைப் பார்த்துத்தான் தலைமை நடுவர் பெர்னிஸ் அவன் பின்னாலேயே வந்தாள்.

“என்னடி பண்ணி வெச்ச என் மார்க்கர?”

“துடைச்சேன்.”

“பொய் சொல்லாத. எருமை மாதிரி சுடுது. உன்னை டீம விட்டு அனுப்புனதுக்கு இன்னிக்கு பழி தீத்துட்டல்ல? நொண்டிக் காலுக்கு இந்த எகத்தாளம் வேற.”

“கிர்பி,” என்றாள் பெர்னிஸ், “குழல் உறை எங்க?”

“அத விடுங்க மேடம். மொதல்ல இவ கூடாரத்தப் பிரிச்சு எறிங்க. ஆட்டத்துக்கு நடுவுல என்கிட்ட கேக்காம கை வெச்சிருக்கா. ஒன்னுல வெச்சிருந்தேன், ஆறு சிமிட்டுது. நானே எண்ணிப் பாத்தேன்.”

பெர்னிஸ் அவன் கையிலிருந்த மார்க்கரைப் பார்த்தாள். தான் என்ன சொன்னோம் என்பது கிர்பிக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் வெளிறிப்போனது.

“ஒன்னுலயா?” என்றாள் பெர்னிஸ்.

“இல்ல மேடம், ஒரு பேச்சுக்கு...”

“டெஸ்ஸா, நீ தொறந்தப்ப எவ்ளோ இருந்துச்சு?”

அவனுக்குப் பின்னால் நோலன் வந்து நின்றிருந்தான். முகமூடியைக் கழற்றியிருந்தான், தாடையில் வண்ணம் ஒட்டியிருந்தது. கவனிக்கலை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெர்னிஸ் கிர்பியை உறைக்காக மட்டும் ஒரு புள்ளி ஆட விடாமல் உட்கார வைப்பாள். டீம் ஆடும். நோலன் ஆடுவான். கிர்பி என்னைப் பார்த்தான். கெஞ்சும் பார்வையாக இருந்திருந்தால்கூட நான் யோசித்திருப்பேனோ என்னவோ. தம்பி இருக்கிற தைரியத்தில் உதட்டோரம் சிரித்தான்.

“ஒன்னு,” என்றேன். “மெல்ல இழுத்தா மூணு தட்டுச்சு.”

பெர்னிஸ் மார்க்கரை வாங்கிக்கொண்டாள். மொத்த டீமின் அடையாள அட்டைகளையும் கொண்டு வரச் சொல்லிவிட்டுப் போனாள். கிர்பி என்னைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

நோலன் மேசைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான்.

“மேசையில பாத்தப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா. என் பையில இன்னொரு மார்க்கர் இருந்துச்சு. அவன் கையில அத குடுத்திருப்பேன்.”

“சொல்லியிருக்கணும்.”

“ஏன் சொல்லல?”

“அவன் அசிங்கப்படணும்னு நெனச்சேன்.”

“நான் ஞாபகத்துக்கே வரலையா?”

“வந்த,” என்றேன். “அப்பவும் சொல்லல.”

அவன் தலையை ஆட்டினான். அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டு டாம்பா பயிற்சியாளரிடம் நடந்தான். குனிந்து ஏதோ சொன்னான். அவர் நோட்டை மூடிவிட்டு யாரால் இப்படி ஆனது என்று கேட்டிருக்க வேண்டும். பத்தடி தள்ளி கிர்பி கத்திக்கொண்டு நின்றிருந்தான். நோலன் கையை நீட்டியது என் கூடாரத்தைப் பார்த்து.